அவர் எப்படி உட்காருவார்?

சென்னை
1935 ஜனவரி 20

இலங்கை கெலிஓயா, காலஞ்சென்ற புலவர் ஸெய்னுலாப்தீன் அவர்களின் மனைவி ஆஸியா உம்மா அவர்களுக்கு, மதுரை செண்பகவல்லி வணக்கத்துடன் எழுதுவது.

என் பெயர் உங்கள் காதில் விழுந்திருக்குமோ என்னவோ. கிராமபோன் பிளேட்டுகளில் பாடுகிறேன். அதற்கு முன்னால் நாடக மேடை. மேடையில் நான் சேலை கட்டி நடித்தது குறைவு. எப்போதும் ஆண் வேஷம்தான். ராஜா, மந்திரி, சந்நியாசி, எதைக் கொடுத்தாலும் செய்வேன். மீசையை ஒட்டிக்கொண்டு வந்து நின்றால் கொட்டகையில் இருக்கிற ஆண்பிள்ளைகளே ஏமாந்து போவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, விஷயம் அதில்தான் இருக்கிறது.

இங்கே சேதுராமன் என்று ஒரு முதலாளி பேசும் படம் எடுக்கிறார். உங்கள் வீட்டுக்காரரின் வாழ்க்கையைப் படமாக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. புலவருடைய கதைப் புத்தகங்கள் இல்லாத வீடு இந்தப் பக்கம் கிடையாது. அவருடைய காதல் பாட்டுகளைக் கலியாண வீடுகளில் பெண்கள் பாடுகிறார்கள். அந்தப் புலவர் வேஷத்தை எனக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். என் பிளேட்டு விற்கிற விற்பனையைப் பார்த்துக் கொடுத்தது. தயவுசெய்து சிரிக்காதீர்கள்.

புலவர் தம் ஆயுளில் ஒரு போட்டோகூடப் பிடித்துக்கொள்ளவில்லையாமே. புத்தகங்களின் முதல் பக்கத்தில் ரோஜாப்பூதான் போட்டிருக்கிறார்கள். "ஒரு தொப்பி, ஒரு தாடி. அது போதும், யாருக்குத் தெரியப் போகிறது?" என்கிறார் சேதுராமன். எனக்குப் போதவில்லை. ராஜாவை யாரும் பார்த்ததில்லை, எப்படி வேண்டுமானாலும் நடக்கலாம். இவரைப் பார்த்தவர் நீங்கள் இருக்கிறீர்கள்.

அவர் எப்படி நடப்பார், எப்படி உட்காருவார், குரல் கனமா மெல்லிசா என்று நாலு வரி எழுதினால் புண்ணியம். பாட்டுகளின் உரிமையும் உங்களிடம் இருப்பதால், உங்கள் சம்மதக் கடிதம் வராமல் படம் தொடங்காது.

இப்படிக்கு,
மதுரை செண்பகவல்லி


கெலிஓயா
1935 பெப்ரவரி 11

செண்பகவல்லி என்பவருக்கு,

கடிதம் கிடைத்தது. எங்கள் வீட்டவர் எப்படி நடப்பார் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு காலால் நடப்பார். எப்படி உட்காருவார் என்று கேட்டிருக்கிறீர்கள். கதிரையில் உட்காருவார்.

என் காக்கா, உங்கள் பக்கத்தில் அண்ணன் என்பீர்கள், நளீர் இங்கே கடை வைத்திருக்கிறார். அவர் ஆதரவில்தான் நான் இருக்கிறேன். உங்கள் கடிதத்தை அவரிடம் சொன்னேன். "ஒரு பொம்புள தொப்பியப் போட்டுக்கிட்டு எங்கட மச்சான்டு சொல்லி வாறதா? அவளுக்குத் தௌபா செஞ்சு பாவமன்னிப்புக் கேக்கச் சொல்லு!" என்று கத்தியதில் கடைக்கு வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். காக்கா சொல்லும் எதையும் நான் இலேசில் ஒத்துக்கொள்வதில்லை. இதை ஒத்துக்கொள்கிறேன். சம்மதம் இல்லை.

மீசை ஒட்டுவதாக எழுதியிருந்தீர்கள். அவருக்கு மீசை கிடையாது, கத்தரித்துவிடுவார். தாடி மட்டும்தான். அதுவும் இடது பக்கம் கொஞ்சம் அடர்த்தியாக வளரும். இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. பிழையாகச் செய்துவிடுவீர்களே என்ற எரிச்சலில் எழுதிவிட்டேன்.

தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். அவருடைய புத்தகங்களை வைத்துப் பழகியது. எழுதுவதென்றால், எங்கள் பெண்களின் வழக்கப்படி அரபு எழுத்தில்தான் தமிழை எழுத வரும். உங்களால் வாசிக்க முடியாவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள்.

ஆஸியா உம்மா


சென்னை
1935 மே 3

அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை என்னால் வாசிக்க முடியவில்லை. எங்கள் ஹார்மோனியக்காரர் காதர் சாயபுவிடம் கொடுத்தேன். அவர் ஒத்திகைக் கூடத்தில் எல்லார் முன்னாலும் உரக்க வாசித்தார். "இரண்டு காலால் நடப்பார்" என்றதும் கூடமே சிரித்தது, நானும் சிரித்தேன். தாடி இடது பக்கம் அடர்த்தி என்ற இடம் வந்தபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு பெண் தன் புருஷனைப் பற்றி எழுதியதை இன்னொரு ஆண்பிள்ளை வாயால் பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருக்கிறோமே என்று உடம்பு கூசியது. கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து சாயபுவின் சம்சாரம் மைமூன் பீவியிடம் உங்கள் எழுத்தைப் படிக்கிறேன். கண்ணுக்குள் எறும்பு ஓடுகிறது. பிரம்பு ஒன்றுதான் பாக்கி, மற்றபடி நன்றாகத் திட்டுகிறார். இந்தக் கடிதத்தின் அடியில் நாலு வரி உங்கள் எழுத்தில் நானே எழுதியிருக்கிறேன். "இனி நீங்கள் எழுதுவதை நான் மட்டும் வாசிப்பேன்" என்பதுதான் அது. தெளிவாக இல்லையென்றால் என்ன எழுதினேன் என்று தெரியட்டும் என்று இங்கேயும் சொல்கிறேன்.

இன்னொன்று. நான் மதுரைக்காரி இல்லை. மதுரை என்று போட்டால் பிளேட்டு விற்கும் என்று கம்பெனிக்காரர் போட்டார். செண்பகவல்லியும் அவர்கள் வைத்த பெயர்தான். பன்வில தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள், பெயர் ராக்கம்மா. கண்டி டவுனுக்கு வந்த நாடகக் கம்பெனியோடு சின்ன வயதில் போனவள் திரும்பவே இல்லை. கண்டிப் பக்கத்துக் கெலிஓயா முத்திரையை உங்கள் கடித உறையில் பார்த்ததும் ஏதோ செய்தது.

சேதுராமன் எழுதிய கதையில் ஒரு கட்டம் வருகிறது. புலவர் மரணப் படுக்கையில் இருக்கிறார். மனைவி ஓடி வந்து "ஸெய்னுலாப்தீன்! ஸெய்னுலாப்தீன்!" என்று அவர் பெயரைச் சொல்லிக் கதறுகிறாள். இது சரியா? எனக்கு என்னவோ இடிக்கிறது.

செண்பகவல்லி


கெலிஓயா
1935 ஜூன் 16

செண்பகவல்லிக்கு,

உங்கள் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது. அந்த நாலு வரியை நான் பல தடவை வாசித்தேன். எனக்காக யாரும் எதையும் படித்ததில்லை. அதனால் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவர் பெயரை நான் என் வாயால் சொன்னதே இல்லை. மௌத்தாகும் நேரத்தில் எந்தப் பெண் புருஷன் பெயரைச் சொல்லிக் கூவுவாள்? சேதுராமனுக்கு மனைவி இருந்தால் அந்த அம்மா கூவுவாளா என்று கேட்டுப் பாருங்கள்.

இனி நீங்கள் கேட்டவை. வெயிலில் நடந்தாலும் மழைக்குக் குனிகிற மாதிரித் தோளைக் குறுக்கிக்கொண்டு நடப்பார். குரல் கனம். பாட்டுச் சொல்லும்போது மட்டும் மெலிந்துவிடும். கதிரையில் வலது முழங்காலை மடித்து மேலே வைத்து, இடது கையால் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். ஜன்னலைப் பார்த்து உட்காருவார், அறைக்கு முதுகு. எழுதத் தொடங்கும் முன் மைக்கூட்டை நகத்தால் தட்டுவார்.

வீட்டுக்குள் வருவதற்கு முன் வாசலில் இரண்டு தடவை செருமுவார். உள்ளே பெண்கள் இருந்தால் முட்டாக்கைச் சரிசெய்துகொள்ளட்டும் என்று எங்கள் ஆண்கள் எல்லாரும் செருமுவதுதான். ஆனால் அவருடைய செருமல் வேறு. அதை எழுத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை. பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகை நேரத்தில் றோட்டில் யாராவது செருமிக்கொண்டு போனால் இப்போதும் என் கை வேலையை விட்டுவிடுகிறது. அவர் போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, ஏக்கம் மட்டும் குறையவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தச் செருமலைக் கேட்டுவிட்டால் போதும் என்று இருக்கிறது.

காக்கா இப்போது வேறு ஆளாகிவிட்டார். சேதுராமன் கடைக்குக் கடிதம் போட்டாராம், படத்தில் மைத்துனர் பாத்திரமும் உண்டு என்று. அன்று முதல் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "என்ட பார்ட்ட ஆரு செய்யிறண்டு தெரியுமா?" என்று கேட்கிறார். தௌபாவை மறந்துவிட்டார்.

ஊரில் மலேரியாக் காய்ச்சல் அடங்கியிருக்கிறது. நீங்கள் வரலாம். நீங்களும் பெண், நானும் பெண், யாரும் தடுக்க முடியாது. அவருடைய கோட்டும் துருக்கித் தொப்பியும் அலுமாரியில் இருக்கின்றன. என் வீட்டில், அந்தக் கதிரையில், எனக்கு முன்னால் அவராக ஒரு பொழுது இருந்து காட்டுங்கள். நான் அவரைக் கண்டால் சம்மதக் கடிதம் தருகிறேன்.

ஆஸியா உம்மா


சென்னை
1935 ஆகஸ்ட் 25

அம்மா அவர்களுக்கு,

கெலிஓயாவிலிருந்து ஊர் வந்து சேர்ந்தேன். உங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்ததுதான் வழியெல்லாம் உறுத்தியது. நீங்கள் அடுப்படிக்குப் போனவர் திரும்பவில்லை. உங்கள் அண்ணன் மகள் றம்லத்தான் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து, "மாமி இப்ப வரமாட்டா, நீங்க போங்க" என்றாள். கோட்டை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு வந்து கோச்சி ஏறினேன்.

நீங்கள் வாயால் செய்து காட்டியபடி நான் கதவுக்கு வெளியே செருமியபோது உள்ளே உங்கள் வளையல் சத்தம் கேட்டது, பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அந்த மௌனத்துக்குள் நடந்துவர எனக்குப் பயமாக இருந்தது. மேடையில் எனக்குப் பயம் வந்ததே இல்லை.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். என் பாட்டுக்குக் கை தட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். பூமாலை போட்டார்கள், தங்கப் பதக்கம் குத்தினார்கள். அந்தக் கதிரையில் இருந்த என்னை நீங்கள் பார்த்தீர்களே, அப்படி ஒருவரும் என்னைப் பார்த்தது கிடையாது. அது எனக்கு உரியதல்ல, அவருக்கு உரியது என்று எனக்குத் தெரியும். திருட்டுச் சொத்துத்தான். இருந்தும் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

சேதுராமன் கல்கத்தாவில் ஸ்டூடியோ பேசிவிட்டார். உங்கள் கடிதம் ஒன்றுதான் பாக்கி. எனக்கும் இது வராவிட்டால் வேறு வழி இல்லை. கொட்டகைகளெல்லாம் பயாஸ்கோப்பாக மாறிக்கொண்டிருக்கின்றன, புதிதாக வருகிற பெண்கள் இருபது வயதுக்காரிகள்.

நான் ஏதோ பிழை செய்தேன். நீங்கள் அடுப்படிக்குத் திரும்புவதற்கு முன் உங்கள் முகத்தில் அது தெரிந்தது. எது பிழை என்று சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

செண்பகவல்லி


கெலிஓயா
1935 செப்டம்பர் 19

செண்பகவல்லிக்கு,

சம்மதம் இல்லை. உங்களுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். காரணத்தைச் சொல்லாமல் விட்டால் நான் மனுஷியே இல்லை.

செருமல் சரி. என் கை வேலையை விட்டுவிட்டது. தோள் சரி, முழங்கால் சரி, மைக்கூட்டைத் தட்டிய சத்தமும் சரி. நீங்கள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்ததும் அந்த முதுகு அப்படியே அவருடைய முதுகு. எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. அவரிடம் சொல்வது போலவே சொல்லத் தொடங்கிவிட்டேன். கூரை ஓடு ஒழுகுவது, றம்லத்துக்கு மாப்பிள்ளை பார்ப்பது, இரவில் எனக்குக் கால் கடுப்பது. அவர் இருந்தபோதும் அந்த முதுகிடம்தான் எல்லாவற்றையும் சொல்வேன். "ம்" என்பார். எழுதிக்கொண்டே இருப்பார்.

நீங்கள் திரும்பினீர்கள். கதிரையோடு திரும்பி உட்கார்ந்து நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டீர்கள். பிறகு, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டீர்கள்.

அவர் அதைக் கேட்டதே இல்லை. கெட்ட மனிதர் அல்ல. ஒரு நாளும் கை நீட்டியதில்லை. பெருநாளுக்குப் பெருநாள் உடுப்பு வந்துவிடும். பாட்டில் வருகிற பெண்களிடம் எவ்வளவோ கேட்பார், தூக்கம் வந்ததா, கண் ஏன் சிவந்தது என்று. அந்தப் பாட்டுகளை வாசித்தவர்கள் என்னைப் பார்த்து, "நீங்க குடுத்துவச்ச ஆள்" என்பார்கள். நானும் சிரித்துக்கொள்வேன். வீட்டில் இருக்கிறவளிடம் கேட்க அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அது ஒரு குறை என்றே எனக்குத் தெரியாது. நீங்கள் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அடுப்படியில் போய் அழுதது அதற்குத்தான்.

படம் வந்தால் அவர் திரும்பினார் என்று உலகம் நம்பும். நானும் இரண்டு தடவை பார்த்தால் நம்பிவிடுவேன். நான் ஏங்குவது அந்தத் திரும்பாத முதுகுக்கு, செண்பகவல்லி. அந்த இடத்தில் அவரைவிட நல்லவர் ஒருவரைக் கொண்டுவந்து வைக்க என்னால் முடியாது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. கொட்டகையில் நாலணா கொடுத்து உட்காருகிறவர்களெல்லாம் அந்தத் திரும்பலைப் பார்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அது எனக்குத் திரும்பியது.

காக்கா என்னோடு பேசுவதில்லை. "வந்த சீதேவியக் காலால தள்ளிப்போட்டாய்" என்று கடையில் இருந்தே கத்துகிறார். எல்லாவற்றுக்கும் அந்த நாடகக்காரிதான் காரணம், அவள் வந்துதான் உன் மண்டையைக் குழப்பினாள் என்பது அவர் தீர்ப்பு.

என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆஸியா உம்மா


சென்னை
1935 நவம்பர் 10

அம்மா,

படம் இல்லை என்று ஆகிவிட்டது. சேதுராமன் என்னையும் உங்களையும் சேர்த்துத் திட்டிவிட்டு, புராணக் கதை ஒன்றைத் தொடங்கியிருக்கிறார். அதில் எனக்கு வேஷம் இல்லை.

கோபம் இல்லை என்று எழுதினால் பொய். உங்கள் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். மைமூன் பீவி, "கிழிப்பதற்கா இவ்வளவு பாடுபட்டுப் படித்தாய்?" என்று கேட்டார். மறுபடி எடுத்து வாசித்தேன். வாசித்த பிறகு உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் இருப்பது நியாயம் இல்லை என்று தோன்றியது.

அவர் திரும்பமாட்டார் என்பது எனக்குத் தெரியும். அறைக்கு முதுகு என்று நீங்கள் எழுதியிருந்தீர்களே, அதை வைத்துத்தான் ஒத்திகை பார்த்தேன். திரும்பாமல் "ம்" என்று சொல்லவே பழகியிருந்தேன். ஆனால் நீங்கள் பின்னால் நின்று பேசப் பேச உங்கள் தொண்டை வறண்டு சத்தம் கம்மியது. விடியற்காலையிலிருந்து எனக்காகச் சமைத்துக்கொண்டு நின்றவர், ஒரு வாய் வைக்கவில்லை என்று சத்தத்திலேயே தெரிந்தது. லயத்தில் என் ஆத்தாளின் சத்தமும் அப்படித்தான் கம்மும். எனக்கு வேஷம் மறந்துவிட்டது.

திரும்பியது உங்கள் வீட்டவர் இல்லை. கேட்டதும் அவர் இல்லை. பன்வில ராக்கம்மாதான் கேட்டாள். இத்தனை வருஷ மேடையில் நான் வேஷத்தைத் தவறவிட்டது அந்த ஒரு தடவைதான். ஆகவே அவருடைய இடத்தில் யாரையும் வைத்துவிட்டோமோ என்று நீங்கள் கலங்க வேண்டாம். அவர் அவராகவே இருக்கட்டும்.

நான் இன்னொரு தடவை வரட்டுமா? கோட்டு வேண்டாம், தொப்பி வேண்டாம். சும்மா வந்து இருந்துவிட்டுப் போகிறேன். இங்கே எனக்கு வீடு நிறைய ஆட்கள், பேச ஆள் இல்லை. இந்த மூன்று மாதமாக வேறு எங்கேயும் மனம் ஓடவில்லை.

படத்துக்கென்று பழகிய பாட்டுகளில் ஒன்றைக் கிராமபோன் கம்பெனி பிளேட்டில் பதியக் கேட்கிறது. புலவர் பாட்டுத்தான். நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

ராக்கம்மா


கெலிஓயா
1936 மார்ச் 8

ராக்கம்மாவுக்கு,

பாட்டைப் பதியலாம் என்று அப்போதே கார்டு போட்டேன். மற்றக் கேள்விக்குப் பதில் எழுத இவ்வளவு காலம் ஆகிவிட்டது. வாருங்கள் என்று எழுதி எழுதிக் கிழித்தேன். வீடு காக்கா பெயரில் இருக்கிறது. "அந்த நாடகக்காரி வாசல் மிதிச்ச அண்டைக்கே நீ உன்ட வழியப் பாத்துக்கொள்" என்று சொல்லிவிட்டார். எனக்குப் பார்த்துக்கொள்ள வேறு வழி இல்லை. அதனால் வராதீர்கள். வந்தால் நன்றாக இருக்கும் என்று தினமும் நினைக்கிறேன். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதுகிறேன், ஏனென்றால் இரண்டும் உண்மை.

உங்கள் பிளேட்டு இங்கே வந்துவிட்டது. கம்பளை றோட்டில் இருக்கிற தேத்தண்ணிக் கடைக்காரர் வாங்கியிருக்கிறார். பின்னேரம் ஆனால் போடுகிறார். எங்கள் ஊர்ப் புலவருடைய பாட்டு என்று அவருக்குப் பெருமை. காற்று இந்தப் பக்கம் வீசினால் வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். வீசாவிட்டால் குரல் மட்டும் வரும். நான் கதவோரம் நின்று கேட்கிறேன். சில நாட்களில் அழுகை வந்துவிடுகிறது, மறைக்க முடிவதில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்கள் பார்க்கிறார்கள். "பாவம் ஆஸியா உம்மா, இன்னும் மாப்பிள்ளைய நெனச்சு உருகிறா" என்று றம்லத்திடம் சொன்னார்களாம். காக்காவும் அதைக் கேட்டு மனம் இளகி, கடைக்காரரிடம் பாட்டை இரண்டு தடவை போடச் சொல்லியிருக்கிறார். நான் யாரையும் திருத்தப் போகவில்லை. பாட்டின் வார்த்தைகள் அவருடையவை. வார்த்தைகளை நான் கேட்பதில்லை.

ஆஸியா